இயற்றுவோரும் ஏவுவோரும்: கணனித் திரையின் முன் படவரைஞர்

தமிழ் இலக்கண நூலார் மூன்றாம் வேற்றுமையின் பொருளை விளக்குமிடத்துக் கருத்தாவை இரண்டாக வகுப்பர். ஒரு கோயிலைத் தச்சன் கட்டினான் என்னும்போது அவன் இயற்றுதற் கருத்தா. அதே கோயிலை அரசன் கட்டினான் என்னும்போது அவன் ஏவுதற் கருத்தா. கல்லைத் தொட்டவன் ஒருவன். கல்லைத் தொடாமலே அதனைத் தன் செயலாகக் கொண்டவன் மற்றொருவன். ஆயினும் வழக்கிலே இருவருக்கும் ஒரே வினைச்சொல்தான். பரீட்சைக்காக மனனஞ் செய்து பின்னர் மறந்துவிடும் பாகுபாடுகளுள் ஒன்றாகவே இதனைப் பலரும் கருதியிருத்தல் கூடும். எனினும், கணனியின் துணைகொண்டு இயந்திரங்களையும் கட்டடங்களையும் வரையும் ஒருவர், அப்படத்தைத் தாம் வரைவதாக உணர்கின்றாரா அல்லது வரைவிப்பதாக உணர்கின்றாரா என்னும் வினா கடந்த அறுபது ஆண்டுகளாக மேனாட்டு ஆய்வாளரை விட்டு அகலாத வினாவாக இருந்து வந்துள்ளது. அதனை நோக்குமிடத்து நம் இலக்கணப் பாகுபாடு ஆங்கிலக் கலைச்சொற்கள் பலவற்றிலும் பார்க்கக் கூடிய பயன் தருகின்றது.

வினா கணனியோடு பிறந்ததன்று. கொழும்பிலே, மருதானைக்கும் களனிக்கும் இடையில், தெமட்டகொடைப் புகையிரத நிலையத்தை அண்டி அமைந்துள்ள இயந்திரக் கொட்டகையைச் சார்ந்து வாழ்ந்தோர் இதனை வேறொரு வடிவிலே கண்டிருந்தனர். நீராவி இயந்திரத்தின் சாரதிக்கு நீராவித் திறப்புப்பிடி ஒரு கையிலும், திசைமாற்றுப் பிடி மறு கையெட்டும் தூரத்திலும் இருக்கும். பிடியைச் சற்றே திறந்தவுடன் புகைபோக்கியின் ஓசை மாறும். காலடியில் இயந்திரம் அதிரும் விதம் மாறும். பாரம் கூடியதா, தண்டவாளம் ஈரமானதா, சக்கரம் வழுக்குகின்றதா என்பவற்றை அவர் கண்ணால் மட்டுமன்றிச் செவியாலும் உள்ளங்காலாலும் அறிந்தார். அனலூட்டுபவர் கரியை எவ்வாறு பரப்பினார் என்பதுகூட அடுத்த ஏற்றத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

1950களில் டீசல் இயந்திரங்கள் வந்தன. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எம்-2 வகை இயந்திரங்கள் 1954இல் இலங்கைத் தண்டவாளங்களில் ஓடலாயின. கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய அவ்வியந்திரங்கள் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஆக்கங்கள். அவற்றின் வேகப்பிடிக்கு எட்டுப் படிகள் இருந்தன. சாரதி படியைத் தெரிவு செய்வார். எரிபொருள் எவ்வளவு செல்ல வேண்டும், மின்பிறப்பாக்கி எவ்வளவு சுமையை ஏற்க வேண்டும் என்பவற்றை ஆளுகைக் கருவியொன்று தானே தீர்மானிக்கும். வேலை இலகுவாயிற்று, வெப்பமும் புகையும் நீங்கின. ஆனால் சாரதியின் கைக்கும் சக்கரத்துக்கும் இடையிலே தீர்மானிப்பவர் இன்னொருவர் புகுந்துவிட்டார். அது மனிதரன்று, பொறி என்பதே வேறுபாடு. நீராவிச் சாரதி ஓட்டினார்; டீசற் சாரதி ஓட்டுவித்தார் என்று கூறுவது சற்று மிகையாயினும், மாற்றத்தின் திசையை அது பிழையின்றிக் காட்டும்.

தெமட்டகொடையிலிருந்து மருதானை நோக்கி வருபவர் தொழினுட்பக் கல்லூரியை அடைவார். 1893இல் நிறுவப்பட்ட இக்கல்லூரி நெடுங்காலமாக இந்நாட்டின் தொழினுட்பப் பயிற்சிக்கு நிலைக்களனாக விளங்கியது. பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பிலே தொடங்கியது 1950இல்; அது பேராதனைக்குச் சென்றது 1960களின் நடுப்பகுதியில். கட்டுபெத்தையில் 1966இல் உருவான தொழினுட்பவியற் கல்லூரி 1972இல் பல்கலைக்கழக வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது. பொறியியலாளரின் வரலாறு இவ்வாறு பீடங்களின் வரலாறாக எழுதப்படுகின்றது. அவரது எண்ணத்தைத் தாளில் இறக்கிய படவரைஞரின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாதது. ஒரு பாலத்தைப் பற்றிப் பேசுவோர் அதனைத் திட்டமிட்டவரின் பெயரைக் கூறுவர். அதன் நானூறு படங்களை வரைந்தவரின் பெயர் படத்தின் மூலையிலே முதலெழுத்துகளாக மட்டும் எஞ்சும்.

படவரைஞரின் கருவிகள் எளியவை. சாய்வான மரப்பலகை, அதன் விளிம்பைப் பற்றி மேலுங்கீழும் நகரும் டி-மட்டம், மூலைமட்டங்கள், கவராயம், மையூற்றி வரையும் பேனா, ஒளி ஊடுருவும் படித்துணி அல்லது படித்தாள் ஆகியவை போதும். பேனாவின் இரு அலகுகளுக்கும் இடையிலுள்ள திருகைச் சற்றே திருப்பினால் கோடு தடிக்கும்; கையின் அழுத்தம் ஒரு மயிரளவு மாறினாலும் மை பரவும். பிழைபட்ட கோட்டைச் சவர அலகினாற் சுரண்டி எடுத்து, அவ்விடத்தை நகத்தால் வழவழப்பாக்கி மீண்டும் வரைவர். அவ்வாறு சுரண்டிய இடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவருக்கு எப்பொழுதும் தெரியும். படம் தன் தயக்கங்களையும் திருத்தங்களையும் தன்மேலேயே சுமந்து நின்றது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

படத்தின் வலது கீழ் மூலையிலே ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர் என்று மூவரின் ஒப்பங்களை அது வேண்டி நிற்கும். ஒப்பம் வெறும் அலங்காரமன்று. கோடு ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் இவர் என்னும் சாசனம் அது. கையால் வரைந்தவர் தம் கை சென்ற வழியெல்லாம் தம் கண்ணும் சென்றதனால் அதனைத் துணிந்து இட்டார். ‘கைவந்த கலை’ என்று தமிழிலே கூறும்போது கலை கைக்கு வருவதாகவே கூறுகின்றோம். அறிவு கையில் வந்து தங்குகின்றது என்பது அதன் உட்கிடை.

எம்-2 இயந்திரங்களைச் செய்த அதே ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், ஐ.பி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து, மோட்டார் வாகனங்களின் உருவரைவுக்குக் கணனியைப் பயன்படுத்தும் முயற்சியில் 1950களின் இறுதியிலிருந்து ஈடுபட்டிருந்தது. டக்-1 எனப்பட்ட அம்முறைமை 1964இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே, பயன்படுத்துபவரின் உணர்வு என்னும் நோக்கில் அதனிலும் முக்கியமான நிகழ்வொன்று நடந்தேறியிருந்தது. மசாச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வு மாணவரான ஐவன் சதர்லன்ட், லிங்கன் ஆய்வுகூடத்தின் டி.எக்ஸ்-2 கணனியிலே ‘ஸ்கெச்பாட்’ என்னும் செய்நிரலை ஆக்கி, 1963இல் அதனைத் தம் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேடாகச் சமர்ப்பித்தார்.

அக்காலக் கணனிகளை நினைவிற் கொள்ளாதவருக்கு ஸ்கெச்பாட்டின் புதுமை புலப்படாது. கணனியைப் பயன்படுத்த விரும்புபவர் தம் வேண்டுகோளைத் துளையிட்ட அட்டைகளாக்கி ஒப்படைப்பார். அவை தம் முறை வரும்வரை காத்திருக்கும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அச்சிட்ட விடை கிடைக்கும். ஓர் அட்டையில் ஒரு புள்ளி தவறினாலும் முழுவதும் வீணாகும். இது முற்றிலும் ஏவல். அதுவும், அரசன் தச்சனை நேரிற் காணாது ஓலை அனுப்பி ஏவுவது போன்ற ஏவல்.

சதர்லன்ட் கணனித் திரையின் முன் அமர்ந்து, வலக்கையில் ஒளிப்பேனாவை ஏந்தி, இடக்கையால் பொத்தான்களை அழுத்தி வரைந்தார். திரையிலே ஒரு சிறு சிலுவைக்குறி ஒளிப்பேனாவைத் தொடர்ந்து வந்தது. பேனா நகர நகரக் குறியும் நகர்ந்தது. அதனோடு கோடும் நீண்டது. பேனாவைச் சடுதியில் வெட்டி இழுத்தால் குறி அதனைத் தொடர மாட்டாமல் நின்றுவிடும். அந்தக் குறைபாட்டையே சதர்லன்ட் கோட்டை முடிப்பதற்கான அடையாளமாக ஆக்கிக்கொண்டார். பொறியின் இயலாமையைக் கையின் குறிப்பாக மாற்றிய இச்சிறு தந்திரம், கணனிக்கும் மனிதக் கைக்கும் இடையே ஏற்பட்ட முதல் நெருக்கங்களுள் ஒன்று.

ஆனால் ஸ்கெச்பாட் கையின் நீட்சி மாத்திரமன்று. ஒருவர் நான்கு கோடுகளை ஒழுங்கின்றி வரைந்துவிட்டு, இவை இணையாகுக, இவை சமமாகுக, இவை செங்குத்தாகுக என்று பணிக்கலாம். பணித்தவுடன் அவ்வுருவம் திரையிலே அசைந்து அசைந்து தன்னைத் திருத்திக்கொள்ளும். இவ்விதிகளை ஆங்கிலத்திற் குறிக்கும் சொல்லையும், பயன்படுத்துபவரின் ஆளுகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழர் ‘கட்டுப்பாடு’ என்ற ஒரே சொல்லால் வழங்குவது தற்செயலாயினும் பொருத்தமானதே. கோட்டின்மேல் கட்டுப்பாடு விதிக்கும்போது படவரைஞர் தம் கட்டுப்பாட்டைப் பெருக்குகின்றாரா, அதன் ஒரு பகுதியைப் பொறிக்குக் கையளிக்கின்றாரா? இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. ஸ்கெச்பாட்டிலே ஒரு பாலத்தின் சட்டகத்தை வரைந்து சுமையேற்றினால் அதன் உறுப்புகளிற் செயற்படும் விசைகளின் அளவுகள் திரையிலே தோன்றின. வெறும் படத்துக்காகக் கணனியை நாடுவது பயனற்றது, படத்திலிருந்து படத்துக்கு மேலான ஒன்று கிடைக்க வேண்டும் என்பதே சதர்லன்டின் முடிபு. பின்வந்தோர் பலர் ஸ்கெச்பாட்டின் ஒளிப்பேனாவைக் கண்டு வியந்த அளவுக்கு இம்முடிபின் விளைவுகளைச் சிந்திக்கவில்லை.

கைக்கும் கோட்டுக்கும் இடையே எவ்வளவு காலம் கழியலாம் என்பது அடுத்து எழுந்த கேள்வி. 1968இல் ரொபர்ட் மில்லர் என்பவர் கணனியின் மறுமொழி நேரங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையிலே இன்றும் எடுத்தாளப்படுவது. உரையாடல் போன்ற பணிகளில் இரண்டு செக்கன் தாமதத்தை மனிதர் பொறுப்பர். ஒளிப்பேனாவால் கோடு வரையும்போதோ செக்கனில் பத்திலொரு பங்கே எல்லை என அவர் கருதினார். அதனைத் தாண்டினால் கோடு கையிலிருந்து பிறப்பதாகத் தோன்றாது; கைக்குப் பின்னால் எவரோ வரைவதாகத் தோன்றும். அதே ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள் டக்ளஸ் ஏங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவிலே ஒரு பெருங்கூட்டத்தின் முன்னிலையில் சுட்டி என்னும் கருவியை இயக்கிக் காட்டினார். கை மேசையிலும் கண் திரையிலுமாகப் பிரிந்தன. ஆயினும் குறி உடனே நகர்ந்தமையால் எவரும் அப்பிரிவைப் பொருட்படுத்தவில்லை.

இலங்கையில் அக்காலத்தில் நிலைமை வேறு. அரச பொறியியற் கூட்டுத்தாபனம் 1960களின் பிற்பகுதியிலே நாட்டின் முதற் கணனியைப் பெற்றது. அக்கூட்டுத்தாபனத்தை நடத்திய ஏ. என். எஸ். குலசிங்க போன்ற பொறியியலாளருக்குக் கணனி நீண்ட கணக்குகளைச் செய்துதரும் சாதனமாகவே பயன்பட்டது. படம் வரைவது வேறு அறையில், மரப்பலகையின் மேல், பழைய முறையிலேயே நடந்தது.

அப்பழைய முறை அதன் உச்சத்தை அடைந்த இடங்களுள் ஒன்று கொழும்பிலே இருந்தது. ஜெஃப்ரி பாவா தலைமை தாங்கிய எட்வேர்ட்ஸ், றீட் அன்ட் பெக் கட்டடக்கலை நிறுவனத்தின் படங்கள் உலகெங்கும் பேசப்பட்டவை. லக்கி சேனாநாயக்க முதலிய கலைஞர் அங்கு பணியாற்றியபோது, கட்டடத்தின் சுவரை வரைந்த அதே கவனத்தோடு முற்றத்து மரத்தின் கிளையையும் இலையையும் வரையும் வழக்கம் உருவாயிற்று. மரம் அப்படத்திலே அடையாளக்குறியன்று. அந்நிலத்திலே நிற்கும் அந்த மரமே. 1967 முதல் அந்நிறுவனத்தில் பாவாவின் பங்காளராக இருந்தவர் பொறியியலாளர் பூலோகசுந்தரம் என்னும் தமிழர். பாவாவின் கற்பனை நிலைத்து நிற்கும் கட்டடங்களாக மாறுவதற்குத் தேவையான கணக்கும் ஒழுங்கும் அவரது பொறுப்பிலிருந்தன.

இங்கே ஒரு முரண் உண்டு. பாவா தம் படங்களைப் பெரும்பாலும் தாமே வரைந்து முடிக்கவில்லை, பிறரைக்கொண்டு வரைவித்தார். இலக்கணப்படி அவர் ஏவுதற் கருத்தா. எனினும் தம் கட்டடங்கள்மீது அவரிலும் கூடிய ஆளுகை செலுத்திய கட்டடக்கலைஞர் இந்நாட்டிற் பலர் இலர். காரணம் வெளிப்படையானது. அவர் கட்டுமிடத்துக்குச் சென்றார், நின்று பார்த்தார், சுவரை எழுப்பிய பின்னரும் சாளரத்தை மாற்றச் சொன்னார். ஏவல் உடனுக்குடன் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததை மாற்றவும் முடிந்தது. ஆகவே ஆளுகையுணர்வு கையில் மாத்திரம் தங்கியதன்று; காண்பதிலும் மீட்பதிலுந்தான் அது பெரிதும் தங்கியுள்ளது. கையே எல்லாம் என்று கையைப் போற்றிப் பாடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். பாவாவின் பாரிய பணியான ஸ்ரீ ஜயவர்த்தனபுர நாடாளுமன்றக் கட்டடம் 1982 ஏப்பிரல் 29இல் திறந்து வைக்கப்பட்டது. ஜப்பானிய ஒப்பந்தகாரரைக்கொண்டு ஏறத்தாழ மூன்றாண்டுக்குள் முடிக்கவேண்டியிருந்த அவ்வேலையிலே, நின்று பார்த்து மாற்றும் பழைய வழக்கத்துக்கு இடம் குறைவாகவே இருந்தது.

அதே 1982இன் முற்பகுதியில் கலிபோர்னியாவிலே ஜோன் வோக்கரும் நண்பர்களும் ஓட்டோடெஸ்க் என்னும் நிறுவனத்தை அமைத்தனர். மைக் றிடில் எழுதியிருந்த செய்நிரலொன்றை அடிப்படையாகக் கொண்ட ஓட்டோகாட், அவ்வாண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரத்துக் கணனிக் கண்காட்சியிற் காட்டப்பட்டு, டிசெம்பரில் விற்பனைக்கு வந்தது. அதுகாறும் கணனி வரைபு பெரிய வாகன, வானூர்தி நிறுவனங்களின் தனியுரிமையாக இருந்தது. இப்போது அது மேசைமேல் வைக்கும் சிறு கணனியில் இயங்கிற்று. இலங்கையில் 1984இல் கணனித் தகவல் தொழினுட்பப் பேரவை உருவாகியது. தொடர்ந்த ஆண்டுகளிலே கொழும்பின் வரைபட அலுவலகங்களில் மரப்பலகையின் அருகே கணனி இடம்பிடித்து, படிப்படியாக அதனை வெளியேற்றியது.

ஆனால் மலிவுக்கு ஒரு விலை இருந்தது. ஸ்கெச்பாட்டிலே கை பெற்றிருந்த நெருக்கத்தின் பெரும்பகுதியை ஓட்டோகாட் பறித்துக்கொண்டது. திரையின் அடியில் ஒரு வரி கட்டளையை எதிர்பார்த்து நின்றது. படவரைஞர் ‘லைன்’ என்று தட்டெழுத வேண்டும். எப்புள்ளியிலிருந்து என்று அது கேட்கும். எப்புள்ளிவரை என்று மீண்டும் கேட்கும். கோடு வரைவது ஒரு வினாவிடையாயிற்று. அவ்வினாவிடை ஆங்கிலத்தில் நடந்தது என்பதையும் இங்கே கூறாமல் விட முடியாது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் றொகுதிகளை வெளியிட்டுத் தமிழிலே தொழினுட்பம் கற்க வழிசெய்திருந்த நாட்டில், தாய்மொழியிற் சிந்தித்த கை பிறமொழியில் ஏவக் கற்க வேண்டியதாயிற்று. பெரிய படமொன்றைத் திரையில் மீண்டும் தோற்றுவிக்கும் கட்டளையை இட்டால் தேநீர் குடித்துவிட்டு வரலாம். மில்லர் விதித்த பத்திலொரு செக்கன் எங்கே, இந்தத் தேநீர் இடைவேளை எங்கே! அழிப்பதிலும் அச்சம் இருந்தது. தொடக்ககாலத்தில் இறுதியாக அழித்த உருவை மாத்திரம் திருப்பித் தரும் ‘ஊப்ஸ்’ என்னும் கட்டளை உதவிற்று; படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லும் வசதி பின்னரே வந்தது.

எனினும் படவரைஞர் இதற்கு அடங்கிப் போனார் என்று எண்ணுதல் தவறு. 1986இல் ஓட்டோலிஸ்ப் என்னும் சிறு நிரல்மொழி ஓட்டோகாட்டில் இணைக்கப்பட்டபோது, நிரலாக்கம் என்பதை அறிந்திராத ஆயிரக்கணக்கானோர் தத்தமக்கு வேண்டிய கட்டளைகளைத் தாமே எழுதிக்கொண்டனர். ஒரு படிக்கட்டை ஒரே ஆணையில் வரைவதற்கும், சாளரத்தை அளவு கூறிப் பொருத்துவதற்கும் அவை பயன்பட்டன. ஏவலுக்கு ஆட்பட்டவர் ஏவலின் சொற்களைத் தாமே வகுக்கத் தொடங்கினர். தொழிலாளி தன் உளியைத் தானே தீட்டிக்கொள்ளும் பழைய மரபு இவ்வாறு புதிய இடத்திலே தலையெடுத்தது.

கட்டளை வரியின் குறைபாட்டைக் கோட்பாட்டு முறையில் எடுத்துரைத்தவர் மேரிலன்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன். 1983இல் வெளியான கட்டுரையொன்றிலே பொருளை நேரடியாகக் கையாளும் இடைமுகங்களுக்கு அவர் ஒரு பெயரும் இலக்கணமும் வகுத்தார். செயற்படு பொருள் எப்போதும் கண்முன் இருத்தல் வேண்டும். செயல் விரைந்து நிகழ்தல் வேண்டும். சிறிது சிறிதாக நிகழ்தல் வேண்டும். மீளப்பெறத் தக்கதாயிருத்தல் வேண்டும். இதனை விளக்க அவர் எடுத்துக்காட்டியவற்றுள் மோட்டார் வாகனமும் ஒன்று. இடப்பக்கம் முப்பது பாகை திரும்புக என்று ஆணை எழுதிவிட்டு, வாகனம் இப்போது எங்கே நிற்கின்றது என்று இன்னோர் ஆணையால் வினவ வேண்டியிருப்பின் எவர் வாகனம் ஓட்டுவார்? தெமட்டகொடைச் சாரதிகளுக்கு இவ்வுவமையை எவரும் விளக்கத் தேவையில்லை.

1990களில் திரையிலுள்ள கோட்டைப் பிடித்து இழுக்கும் வசதி பரவலாயிற்று. தேநீர் இடைவேளை மறைந்தது. மீளப்பெறும் விசை எத்தனை அடி வேண்டுமாயினும் பின்னோக்கிச் சென்றது. படவரைஞர் மீண்டும் தாமே வரைவதாக உணர்ந்தார். அவ்வுணர்வு எவ்வளவு உண்மையானது என்பதுதான் சிக்கல். இதனை ஆராய்வதற்கு உளவியல் அதற்கு முன்னரே வழிகாட்டியிருந்தது. 1975இல் எலன் லாங்கர் வெளியிட்ட ஆய்வொன்றிலே, லொத்தர்ச் சீட்டைத் தாமே தெரிந்தெடுத்தவர், பிறர் எடுத்துக் கொடுத்த சீட்டைப் பெற்றவரிலும் பார்க்கத் தம் சீட்டுக்குப் பன்மடங்கு விலை கேட்டனர். சீட்டு விழும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றே. தெரிவு செய்த கை, விளைவையும் தன்வசமாக்கிக் கொண்டதாக மயங்கிற்று.

2002இல் லண்டனிலே பற்றிக் ஹகார்டும் அவர்தம் சகாக்களும் இவ்வுணர்வை அளக்க ஒரு வழி கண்டனர். ஒருவர் தாமாக ஒரு விசையை அழுத்தி, செக்கனில் காற்பங்கு கழித்து ஓர் ஒலி எழுந்தால், அழுத்தியதும் ஒலித்ததும் உண்மையிலும் பார்க்கக் கிட்டக்கிட்ட நிகழ்ந்ததாக அவர் கருதுவார். அவர் விரும்பாமலே, மூளைக்குக் காந்தத்தூண்டல் கொடுத்து விரலை அசைத்தால், இடைவெளி உள்ளதிலும் நீண்டதாகத் தோன்றும். இவ்வளவுகோலைக் கணனி இடைமுகங்களுக்குப் பொருத்திய டேவிட் கொய்ல் முதலானோர் 2012இல் அறிந்தவை இரண்டு: தம் உடலைத் தொட்டு ஏவியபோது விசைப்பலகையில் ஏவியதிலும் தம்செயல் என்னும் உணர்வு கூடியிருந்தது, குறியை இலக்கு நோக்கி நகர்த்தக் கணனி செய்த உதவி ஓரளவுக்கு மேற்பட்டபோது அவ்வுணர்வு குறைந்தது.

இரண்டாவது முடிபு படவரைஞரை நேரடியாகத் தொடுவது. கணனி வரைபிலே, சுட்டி ஒரு கோட்டின் நுனியை நெருங்கியவுடன் குறி தானே பாய்ந்து அந்நுனியைப் பற்றிக்கொள்ளும். இப்பற்றுதல் இல்லாவிடின் கோடுகள் பிழையின்றிப் பொருந்தா; நுண்மை இதனாலேயே கைகூடுகின்றது. அதே பற்றுதல் சில வேளைகளிலே, வரைபவர் குறித்த நுனியை விட்டு அருகிலிருந்த வேறொரு நுனியைப் பற்றிவிடும். திரையில் வேறுபாடு தெரியாது. கையிலும் தெரியாது. சுரண்டிய தழும்பு வெளிச்சத்தில் தெரிந்த காலம் போய், பிழையும் திருத்தமும் ஒருங்கே அடையாளமின்றி மறையும் காலம் வந்தது. 1980களின் இறுதியில் பரமெற்றிக் டெக்னோலொஜி நிறுவனத்தின் புரோ-எஞ்சினியர் செய்நிரல், சதர்லன்டின் கட்டுப்பாடுகளை முப்பரிமாண உருவங்களுக்கு முழுமையாக விரித்தபோது இது மேலும் கூர்மையடைந்தது. ஓர் அச்சின் விட்டத்தை மாற்றினால் அதனைச் சார்ந்த உறுப்புகளெல்லாம் தாமே மாறும். ஓர் எண்ணை மாற்றியவரே அத்தனையையும் மாற்றியவர். ஆனால் அத்தனையையும் அவர் கண்டாரா?

காணாமையின் விலைக்கு இரண்டு சான்றுகள் போதும். ஐக்கிய அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகர மண்டபத்தின் பரந்த உருக்குச் சட்டகக் கூரை கணனிக் கணிப்பின் துணையோடு வடிவமைக்கப்பட்டது. கூரையை நிலத்தில் பொருத்தி உயர்த்திய காலத்திலேயே அதன் தொய்வு கணித்ததைப் போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தமை அளந்தறியப்பட்டது. உருக்கு உரைத்ததினும் கணனி உரைத்ததே நம்பப்பட்டது. 1978 ஜனவரி 18ஆம் நாள் விடியற்காலையில், கூடைப்பந்தாட்டம் பார்க்க வந்த ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கலைந்து சென்று சில மணி நேரத்தின் பின்னர், பனிச்சுமையுடன் அக்கூரை முழுவதும் இடிந்து வீழ்ந்தது. மண்டபம் வெறுமையாயிருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. மற்றையது எயார்பஸ் ஏ-380. அவ்வானூர்திக்குள் ஏறத்தாழ 530 கிலோமீற்றர் மின்கம்பி செல்கின்றது. ஜேர்மனிய, ஸ்பானிய வடிவமைப்பாளர் கற்றியா செய்நிரலின் நான்காம் பதிப்பையும், பிரெஞ்சு, பிரித்தானிய வடிவமைப்பாளர் ஐந்தாம் பதிப்பையும் பயன்படுத்தினர். இரண்டின் படங்களும் ஒன்றோடொன்று முற்றாக ஒத்துப்போகவில்லை. ஹம்பேர்க்கிலிருந்து துலூசுக்கு வந்த கம்பிக்கட்டுகள் வானூர்தியினுட் பொருந்தாமற் போனமை 2006இல் பெருஞ் சிக்கலாகி, விமானங்கள் ஏறத்தாழ ஈராண்டு தாமதமாயின. ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தத்தம் திரையிலே எல்லாம் தம் கைக்குள் இருப்பதாகவே கண்டிருப்பர்.

இவற்றைக்கொண்டு கணனியைக் குற்றஞ்சாட்டி மரப்பலகைக்குத் திரும்புவோம் என்பது பேதைமை. மரப்பலகைக் காலத்திலும் பாலங்கள் வீழ்ந்தன; கொதிகலன்கள் வெடித்தன. கவலைக்குரியது வேறொன்று. முற்காலத்துத் துளையட்டைக் கணனி ஏவுபவரை ஏவுபவராகவே வைத்திருந்தது. விடை பிழையாயிருக்கலாம் என்னும் ஐயம் அவரிடம் எப்போதும் இருந்தது. இக்காலத் திரையோ ஏவுபவருக்கு இயற்றுபவரின் இன்பத்தைத் தருகின்றது. கோடு கையோடு வருகின்றது. ஆதலால் கோடு அறிந்தவையெல்லாம் கையும் அறிந்ததாகத் தோன்றுகின்றது. பாவா ஏவினார், ஆனால் ஏவுவதை அறிந்தே ஏவினார். ஆகையால் சென்று பார்த்தார். தாமே வரைந்ததாக நம்புபவருக்குச் சென்று பார்க்கும் தேவை தோன்றுவதில்லை. எழுத்தாற் கேட்டவுடன் உருவரைந்து தரும் செய்யறிவு நிரல்கள் வடிவமைப்புக் கூடங்களுட் புகுந்துள்ள இந்நாளிலே கையென்ற இடைநிலையும் கழன்றுவிடுகின்றது. ஒருவேளை அதனால் ஒரு நன்மை விளையலாம்: ஏவுபவர் தாம் ஏவுபவரே என்பதை மீண்டும் உணர நேரலாம்.

தெமட்டகொடைக் கொட்டகையிலே பேணப்பட்ட நீராவி இயந்திரங்கள் சில, 1986இல் தொடங்கிய வைஸ்ரோய் உல்லாசப் பயண வண்டியை இழுக்க மீண்டும் தண்டவாளம் ஏறின. அவற்றின் தேய்ந்த உறுப்புகளுக்கு மாற்றுறுப்புச் செய்வதாயின் முதலிற் படம் வேண்டும். அத்தகைய படம் இன்று எந்த அலுவலகத்தில் எந்தத் திரையில் எழுந்தாலும் அதன் வலது கீழ் மூலையில் அந்த மூன்று கட்டங்களும் இருக்கும். பல இடங்களில் முதற் கட்டத்திலே பெயரை இடுவதும் கணனியே. கோப்பைத் திறந்தவரின் பெயரைத் தானே அறிந்து நிரப்பிவிடுகின்றது. கட்டத்தின் தலைப்பு மாத்திரம் மாறவில்லை. அது இன்றும் ‘வரைந்தவர்’ என்றே இருக்கின்றது. ‘வரைவித்தவர்’ என்பதற்கு அங்கே ஒரு கட்டம் ஒதுக்கப்படவில்லை.